கொள்ளுத்தாத்தா எந்தக் கவுன்டியில் காலமானார்?

வாசகர் கேள்வி – பதில்

போன மாதம் ஒரு பதிலின் கடைசியில், அமெரிக்காவில் குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் இறப்புச் சான்றிதழில் ஆரம்பித்துப் பின்னோக்கிப் போவதுதான் வசதி என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. ஓஹையோவில் ஒரு பொது நூலகத்தின் உள்ளூர் வரலாற்றுப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவள் என்பதால் ஆசிரியர் எல்லாவற்றையும் என் தலையிலேயே கட்டிவிட்டார். ஆகவே இந்த மாதம் முழுக்கச் சாவுச் செய்திதான், மற்ற கேள்வி கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: என் கணவர் அமெரிக்கர். மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள், பள்ளியில் வம்சாவளிப் படம் போட்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். என் பக்கம் அம்மாவிடம் போனில் கேட்டே ஐந்து தலைமுறை எழுதிவிட்டாள். அவர் பக்கம் நடுவிலேயே நின்றுவிட்டது. மாமியாரின் தாத்தா ரயில்வேயில் இருந்தாராம், 1910-க்குப் பிறகு சீக்கிரமே டொலீடோவில் இறந்தாராம். பெயரைப் போட்டுத் தேடினால் நாற்பது பேர் வருகிறார்கள், அவர் வரவில்லை. — வாசகி, டாலஸ்

பதில்: பெயரைக் கொஞ்ச நேரம் ஓரமாக வையுங்கள். எல்லோரும் செய்கிற தப்பு இது. அமெரிக்காவில் சாவை எழுதிவைத்தது ஏதோ ஒரு ஊரின் ஏதோ ஒரு அலுவலகம், அந்த அலுவலகம் எது என்று தெரிந்தால் பெயர் தானாக மாட்டும். அதற்கு இரண்டு விஷயம் தேவை: எந்த வருஷம், எந்தக் கவுன்டி (மாநிலத்துக்குள் வரும் நிர்வாகப் பிரிவு).

முதலில் வருஷம். 1910 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆள் இருக்கிறாரா பாருங்கள். 1920-ல் அவர் மனைவி பெயருக்கு எதிரே விதவை என்று போட்டிருக்கிறதா பாருங்கள். இருந்தால் பத்து வருட இடைவெளி கையில் வந்துவிட்டது. அதை இன்னும் சுருக்க, நகர டைரக்டரி என்று ஒன்று வருடாவருடம் அச்சாகும், டெலிபோன் டைரக்டரிக்கு முந்தைய வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு வருடம் அவர் பெயர், வேலை, வீட்டு முகவரி எல்லாம் இருக்கும், அடுத்த வருடம் அதே முகவரியில் மனைவி பெயர் மட்டும் இருக்கும், பக்கத்தில் ‘இன்னாரின் விதவை’ என்று சின்ன எழுத்தில். அந்த இரண்டு புத்தகத்துக்கும் நடுவில்தான் மனிதர் போயிருக்கிறார். சில டைரக்டரிகளில் இறந்த தேதியையே போட்டுவிடுவார்கள், அப்படி அமைந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

அடுத்தது எந்த அலுவலகம். ஓஹையோவில் 1867-லிருந்து 1908 வரை இறப்புகளை, உயில் வாரிசு விவகாரங்களைப் பார்க்கும் கவுன்டி புரோபேட் நீதிமன்றம் ஒரு பெரிய பேரேட்டில் ஒரு வரியாக எழுதிவைத்தது. 1908 டிசம்பர் 20-லிருந்து மாநில அரசே ஆளுக்கொரு சான்றிதழ் போட ஆரம்பித்தது. உங்கள் ஆள் 1910-க்குப் பிறகு போயிருந்தால் நல்லதாகப் போயிற்று: 1908 முதல் 1953 வரையிலான ஓஹையோ சான்றிதழ்களின் படங்கள் ஃபேமிலி சர்ச் என்ற குடும்ப வரலாற்றுத் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பேரேட்டு வரியில் அப்பா அம்மா பெயர் இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் போகும். சான்றிதழில் அதற்கென்றே தனிக் கட்டம் உண்டு, அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர்கூட. உங்கள் மகளுக்கு வேண்டியதே அந்தக் கட்டம்தான்.

இவ்வளவு பார்த்தும் கிடைக்கவில்லை என்றால், ‘டொலீடோவில் இறந்தார்’ என்ற குடும்பக் கதையைச் சந்தேகப்படுங்கள். நாம் மதுரைக்காரர் என்று சொல்கிறவர் விசாரித்தால் மேலூர்ப் பக்கம் இருப்பார் இல்லையா, அதே சங்கதி. டொலீடோ இருப்பது லூகாஸ் கவுன்டியில், ஆனால் ஊருக்கு வடக்கே கொஞ்ச தூரம் போனால் மிச்சிகன் மாநிலத்தின் மன்ரோ கவுன்டி வந்துவிடும். (1835-ல் இந்த ஊர் யாருக்கு என்று ஓஹையோவும் மிச்சிகனும் படையைத் திரட்டிக்கொண்டு நின்றன என்பது தனிக்கதை.) அந்தப் பக்கம் இறந்திருந்தால் அது மிச்சிகன் பதிவு, அதற்கு மிச்சிகனாலஜி என்ற மாநில ஆவணத் தளத்தில் 1897 முதலான இறப்புப் பதிவுகளைத் தேட வேண்டும். நானே ஒரு பெரியவருக்காக மூன்று வாரம் லூகாஸ் கவுன்டியைக் குடைந்தேன். அவர் தாத்தா தெற்கே வுட் கவுன்டியில், மகள் வீட்டில் படுத்து இறந்திருந்தார். வயதானவர்கள் கடைசிக் காலத்தில் பிள்ளைகள் வீட்டுக்குப் போவார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை, இத்தனைக்கும் என் பாட்டியும் அப்படித்தான் போனாள்.

அப்புறம், டொலீடோவிலிருந்து ஒரு மணி நேரத்துக்கும் குறைவான தூரத்தில் ஃப்ரீமான்ட் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே ரதர்ஃபோர்டு ஹேய்ஸ் ஜனாதிபதி நூலகம் ஓஹையோ பத்திரிகைகளில் வந்த ‘காலமானார்’ செய்திகளுக்கு ஒரு பெரிய அட்டவணையே வைத்திருக்கிறது, இணையத்தில் தேடலாம். ஆபிச்சுவரி என்று சொல்கிறார்களே, அதுதான்.

கேள்வி: கவுன்டி என்பது நம் மாவட்டமா, தாலுகாவா? — கே. எஸ்., தஞ்சாவூர்

பதில்: இரண்டுக்கும் நடுவில் எதுவோ. நாடு முழுக்க மூவாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. டெக்சஸில் 254, டெலவேரில் மூன்றே மூன்று. லூசியானாவில் பாரிஷ் என்பார்கள், அலாஸ்காவில் பரோ. வாஷிங்டன் என்ற பெயரில் மட்டும் ஏறக்குறைய முப்பது மாநிலங்களில் கவுன்டி உண்டு, ஆகையால் மாநிலத்தை எழுதாமல் கவுன்டியை மட்டும் எழுதிவைத்த குறிப்பு குப்பைக்குச் சமம்.

தேடுகிறவர்களைப் படுத்துவது இதன் எல்லைகள்தான். ஒரு கவுன்டியை வெட்டி இரண்டாக்குவார்கள், ஓரத்தை எடுத்துப் பக்கத்துக் கவுன்டிக்குக் கொடுப்பார்கள். குடும்பம் அதே பண்ணையில் அதே வீட்டில் இருக்கும், ஆனால் தாத்தாவின் சாவு ஒரு கவுன்டியிலும் அப்பாவின் சாவு இன்னொன்றிலும் பதிவாகியிருக்கும். திருச்சி, தஞ்சாவூர் மாவட்டங்களைப் பிரித்த பிறகு பழைய பத்திரம் தேடி அலைந்தவர்களுக்கு இது புரியும். எந்த வருடம் எல்லை எங்கே இருந்தது என்று காட்டும் வரைபடத் தொகுப்பை சிகாகோவின் நியூபெரி நூலகம் இலவசமாகவே வெளியிட்டிருக்கிறது.

கேள்வி: அக்கா, நான் கோவையில் அமெரிக்க டைட்டில் சர்ச் (வீடு யார் பெயரில் என்று பத்திரம் தேடிப் பார்ப்பது) வேலையில் ஆறு வருடமாக இருக்கிறேன், நைட் ஷிப்ட். கவுன்டி ரெக்கார்டர், அதாவது பத்திரப் பதிவு அலுவலகத் தளங்கள் எல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. வீட்டுப் பத்திரங்களுக்கு நடுவே சில சமயம் டெத் சர்ட்டிபிகேட்டே வந்து விழுகிறது. குடும்ப வரலாறு தேடிக் கொடுப்பதைப் பகுதிநேரமாகச் செய்யலாமா? இன்னொன்று, பழைய பேப்பரில் ஆபிச்சுவரி தேடினால் மட்டும் எனக்குச் சிக்கவே மாட்டேன் என்கிறது, ஏன்? — வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தம்பி, பாதிக் கிணறு நீங்கள் ஏற்கெனவே தாண்டிவிட்டீர்கள். குடும்ப வரலாறு எழுதுகிற அமெரிக்கர்களில் பலருக்கு ரெக்கார்டர் ஆபீஸ் பக்கம் போகவே தோன்றாது. கணவன் மனைவி இரண்டு பேர் பெயரிலும் வீடு இருந்து ஒருவர் இறந்தால், கலிபோர்னியா மாதிரி மாநிலங்களில் மற்றவர் ஒரு அஃபிடவிட் எழுதி, அதோடு இறப்புச் சான்றிதழின் நகலையும் சேர்த்துப் பதிவு செய்வார். அந்தச் சான்றிதழைச் சுகாதாரத் துறையில் கேட்டால் விண்ணப்பம், கட்டணம், காத்திருப்பு எல்லாம் உண்டு. பத்திரக் கட்டில் அது சும்மா கிடக்கும். அதில் சோஷியல் செக்யூரிட்டி எண் (நம் ஆதார் மாதிரி, அரசு ஆளுக்கொன்று கொடுப்பது) தெரிந்தால் மட்டும் அதை எங்கேயும் பகிர்ந்துவிடாதீர்கள். ஆபீஸ் லாகினை உங்கள் சொந்தத் தேடலுக்குத் தொடவே தொடாதீர்கள், பொதுமக்களுக்கான பக்கமே பெரும்பாலான கவுன்டிகளில் இருக்கிறது.

ஆபிச்சுவரி சிக்காததற்கு முக்கியக் காரணம் கம்ப்யூட்டரின் கண்பார்வை. நூறு வருடத்துப் பழைய பேப்பரை மைக்ரோஃபிலிமில் எடுத்து, அதிலிருந்து ஸ்கேன் செய்து, அதை இயந்திரம் படிக்கிறது. மை ஊறின எழுத்து, மடிப்பு, கிழிசல் எல்லாம் சேர்ந்து ஒரு பெயரை வேறு எதுவாகவோ ஆக்கிவிடும். ஆகவே பெயரை விட்டுவிட்டு அந்தச் செய்தியில் வேறென்ன சொற்கள் வந்திருக்கும் என்று யோசித்துத் தேடுங்கள்: தெருப் பெயர், சர்ச், அடக்கம் செய்த கல்லறை, ஈமக்கிரியை நடத்திய ஃபியூனரல் ஹோம். பெண்களைத் தேடுவதென்றால் இன்னொரு கஷ்டம், அவர்கள் பெயரே அச்சில் இருக்காது. ‘மிசஸ்’ போட்டுக் கணவர் பெயர்தான். மேரி என்று தேடினால் சாகும்வரை கிடைக்க மாட்டாள், அவளை ‘மிசஸ் ஜான் இன்னார்’ என்று தேட வேண்டும்.

அப்புறம், எல்லாச் சாவுக்கும் ஆபிச்சுவரி வந்துவிடாது. கூலிவேலை செய்தவருக்கு இரண்டு வரி மரண அறிவிப்பு வந்தால் பெரிது. ஆனால் அதற்கடுத்த வாரங்களைப் புரட்டுங்கள். சாவுக்கு வந்தவர்களுக்கும் பூ அனுப்பியவர்களுக்கும் குடும்பம் நன்றி சொல்லி ஒரு பெட்டிச் செய்தி போடும். சட்ட விளம்பரப் பக்கத்தில், இன்னார் இறந்துவிட்டார், அவரிடமிருந்து கடன் பாக்கி வரவேண்டியவர்கள் வந்து சொல்லவும் என்று அறிவிப்பு வரும். கிராமத்துப் பக்கச் செய்திகளில், இன்னார் தன் அண்ணன் சாவுக்கு டெட்ராய்ட் போய் வந்தார் என்று ஒரு வரி இருக்கும். இந்த மூன்றிலிருந்தே நான் பல பேருக்குத் தேதி கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறேன். காசு கட்டும் தளங்களுக்குப் போகுமுன் அமெரிக்க நாடாளுமன்றத்தின் காங்கிரஸ் நூலகம் நடத்தும் குரோனிக்ளிங் அமெரிக்கா என்ற பழைய பத்திரிகைத் தொகுப்பைப் பாருங்கள், அப்புறம் மாநிலத்துக்கு மாநிலம் இலவசப் பத்திரிகைத் தொகுப்பு உண்டு, கலிபோர்னியா, டெக்சஸ், கொலராடோ, ஜார்ஜியா எல்லாம் நன்றாகவே இருக்கின்றன.

வேலையாகச் செய்யலாமா என்றால், செய்யலாம். ஆனால் கிடைக்கவில்லை என்ற பதிலுக்கும் ஒருவர் காசு தருவாரா என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

கேள்வி: இறப்புச் சான்றிதழ் வேண்டும் என்று கூகுளில் தேடினால் முதலில் வருகிற தளங்கள் எல்லாம் கார்டு நம்பர் கேட்கின்றன. கொடுக்கலாமா? — பி. ஆர்., நியூ ஜெர்சி

பதில்: அவசரப்படாதீர்கள். சிடிசி என்கிற மத்திய நோய்த் தடுப்பு நிறுவனம், ஒவ்வொரு மாநிலத்திலும் சான்றிதழை எங்கே கேட்க வேண்டும், எவ்வளவு கட்டணம், எந்த வருடத்திலிருந்து இருக்கிறது என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அங்கிருந்து போங்கள். மிசௌரியில் ஐம்பது வருடத்துக்கு மேற்பட்ட சான்றிதழ்களை, 1910 முதல், அரசே படத்தோடு இலவசமாகப் போட்டிருக்கிறது. அதையே விற்கிறவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

கேள்வி: என் சித்தப்பா 1960-களில் சிகாகோவுக்குப் படிக்கப் போனவர். முதலில் கடிதம் வந்தது, அப்புறம் அப்பாவோடு ஏதோ மனஸ்தாபம், நின்றுவிட்டது. 1981-ல் இறந்துவிட்டதாக யாரோ சொல்லித் தெரியும். எங்கே, எப்படி, குடும்பம் உண்டா, எதுவுமே தெரியாது. அப்பா போன வருடம் போய்ச் சேர்ந்தார், கடைசியில் தம்பி பேரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். தேட முடியுமா? — வாசகர், திருச்சி

பதில்: முடியும். ஆனால் இங்கே பெயர்தான் முதல் எதிரி. நம் ஆட்களுக்கு இனிஷியல்தான் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. அமெரிக்கப் படிவத்தில் கடைசிப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விட முடியாது. ஆகவே எஸ். கிருஷ்ணமூர்த்தி என்று கப்பல் ஏறினவர் அங்கே போய் கிருஷ்ணமூர்த்தி சுப்பிரமணியன் ஆகியிருப்பார், அல்லது சுப்பிரமணியன் கிருஷ்ணமூர்த்தி, அல்லது வாயில் நுழையவில்லை என்று ‘கிரிஸ் மூர்த்தி’. சுப்பிரமணியன் என்ற ஒரு பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். முதலில் பழைய வான்வழிக் கடித உறைகள் வீட்டில் இருக்கிறதா தேடுங்கள். அனுப்புநர் முகவரியில் அவர் தன் பெயரை எப்படி எழுதினார் என்பதுதான் திறவுகோல்.

வேலை பார்த்திருந்தால் சோஷியல் செக்யூரிட்டி எண் வாங்கியிருப்பார். அந்தத் துறையின் பதிவுகளிலிருந்து நூமிடென்ட் என்று ஒரு தொகுப்பை அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகம் வெளியிட்டிருக்கிறது, 2007 வரை இறந்தவர்கள் அதில் உண்டு. காப்பகத்தின் தளத்திலும் ஃபேமிலி சர்ச்சிலும் தேடலாம். எல்லோரும் அதில் இல்லை, ஆனால் இருந்தால் பிறந்த தேதி, பிறந்த ஊர், பல சமயம் அப்பா அம்மா பெயரே இருக்கும். உங்கள் தாத்தா பாட்டி பெயர் உங்களுக்குத் தெரியுமே! ஆயிரம் கிருஷ்ணமூர்த்தியில் உங்கள் ஆளை அந்தக் கட்டம் காட்டிக்கொடுத்துவிடும். ஒன்று கவனியுங்கள், பள்ளிச் சான்றிதழில் இருக்கும் பிறந்த தேதியைத்தான் அவர் கொடுத்திருப்பார், ஜாதகத்தில் உள்ளதை அல்ல.

இதே துறையின் இறப்பு அட்டவணையில் கடைசியாக வசித்த இடம் இருக்கும், இறந்த இடம் இருக்காது. இரண்டும் ஒன்று என்று நினைத்துப் பலர் ஏமாறுகிறார்கள். சிகாகோதான் என்று உறுதியானால் அது குக் கவுன்டி. அங்கே கவுன்டி கிளார்க்கிடம் விண்ணப்பிக்க வேண்டும். சிகாகோ இருக்கும் இல்லினாய் மாநிலத்தில் இருபது வருடம் தாண்டிய இறப்புப் பதிவுகளைக் குடும்ப வரலாற்றுக்காகக் கேட்டு நகல் வாங்கலாம், 1981 தாராளமாக அதற்குள் வருகிறது. திடீர்ச் சாவு, விபத்து என்றால் மருத்துவப் பரிசோதகர் அலுவலகத்தில் தனிக் கோப்பு இருக்கும், குக் கவுன்டியில் 1976 கடைசியிலிருந்து அந்த அலுவலகம்தான்.

எல்லோரும் கல்லறைப் படங்கள் உள்ள ஃபைண்ட் எ கிரேவ் தளத்தைச் சொல்வார்கள். உங்களுக்கு அது உதவாது என்றே நினைக்கிறேன், தகனம் செய்தவருக்குக் கல் ஏது. சான்றிதழில் ஃபியூனரல் ஹோம் பெயர் இருக்கும். அது இன்னும் நடக்கிறதா, வேறு யாராவது வாங்கிவிட்டார்களா என்று பார்த்து ஒரு கடிதம் போடுங்கள். செலவுக்குக் கையெழுத்துப் போட்டவர் யார், அஸ்தியை வாங்கிக்கொண்டவர் யார் என்று அவர்கள் பதிவில் இருக்கலாம். நீங்கள் தேடுகிற மிச்சக் குடும்பம் அந்தக் கையெழுத்துதான். படித்த பல்கலைக்கழகத்துக்கும் எழுதுங்கள், பழைய மாணவர் இதழ்களில் இறந்தவர்களுக்கென்று ஒரு பக்கம் எப்போதும் உண்டு. மனைவி அமெரிக்கரென்றால் அந்த இரண்டு வரியை அவர் அனுப்பியிருப்பார்.

கேள்வி: என் மனைவியின் பாட்டனாருக்கு 1918-ல் எடுத்த சான்றிதழில் வயது 61, கல்லறைக் கல்லில் 64. அம்மா பெயர் ‘தெரியாது’ என்று எழுதியிருக்கிறது. எதை நம்புவது? — எம். வி., பிட்ஸ்பர்க்

பதில்: கீழே தகவல் தந்தவர் என்று ஒரு பெயர் இருக்கும், அதை முதலில் படியுங்கள். இறந்த தேதியும் காரணமும் டாக்டர் எழுதியது, அதை நம்பலாம். மற்றதெல்லாம் அந்தத் தகவல் தந்தவர் சொன்னது. அவர் மகன் என்றால் பாட்டி பெயர் தெரிந்திருக்கும், மருமகன் என்றால் தெரியாது, போர்டிங் வீட்டுக்காரர் என்றால் வயதே குத்துமதிப்புதான். சாவு வீட்டில் கண்ணீரோடு நிற்கிறவரிடம் பேனாவை நீட்டிக் கேட்டால் நீங்களும் நானும் மட்டும் சரியாகவா சொல்வோம்? கல்லையும் அப்படியே நம்பிவிடாதீர்கள், பத்து வருடம் கழித்துக் காசு சேர்ந்த பிறகு நட்ட கல்லாக இருக்கலாம். உடன்பிறந்தவர்களின் சான்றிதழ்களை எடுங்கள். ஒருவருடையதில் ‘தெரியாது’ என்றிருக்கும் அம்மா, தங்கையின் சான்றிதழில் முழுப் பெயரோடு உட்கார்ந்திருப்பாள். பென்சில்வேனியாவில் மாநிலச் சான்றிதழ் 1906-லிருந்து உண்டு.

காரணக் கட்டத்தில் பழைய சொற்கள் இருந்தால் பயந்துவிடாதீர்கள். ‘கன்சம்ப்ஷன்’ என்றால் காசநோய், ‘டிராப்சி’ என்றால் உடம்பு நீர் கோத்து வீங்குவது, ‘அபோப்ளெக்சி’ பெரும்பாலும் பக்கவாதம். 1918 இலையுதிர் காலமென்றால் இன்ஃப்ளுயன்சா, நிமோனியா என்ற இரண்டு சொல்தான் பக்கம் பக்கமாக வரும்.

கேள்வி: என் மகன் ஜார்ஜியாவில், ஆகஸ்டாவைச் சேர்ந்த ஒரு கறுப்பினப் பெண்ணைக் கட்டியிருக்கிறான். தங்கமான பெண். பேரன் பிறந்திருக்கிறான். எங்கள் பக்கம் குலதெய்வம் வரை சொல்லிவிட்டோம், உங்கள் பக்கம் சொல்லம்மா என்றேன், பாட்டிக்கு அப்பால் யாருக்கும் தெரியாது அத்தை என்றாள். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஏதாவது செய்ய முடியுமா? — ஒரு மாமியார், மதுரை

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முடிந்தவரை சொல்கிறேன், மருமகளையே செய்யச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்தில் இருந்து கேளுங்கள்.

ஆகஸ்டா இருப்பது ரிச்மண்ட் கவுன்டி. ஜார்ஜியாவில் மாநில அளவில் இறப்புப் பதிவு 1919-ல்தான் ஒழுங்காக வந்தது. அதிலிருந்து தொடங்கும் சான்றிதழ்களை ஜார்ஜியா ஆவணக் காப்பகம் ‘வர்ச்சுவல் வால்ட்’ என்ற தளத்தில் படத்தோடு வைத்திருக்கிறது. பாட்டியின் அப்பா அம்மா 1920, 30-களில் இறந்திருந்தால் அங்கே கிடைக்கலாம், அவர்களுடைய அப்பா அம்மா பெயரோடு. ஒரே தாவலில் இரண்டு தலைமுறை. அந்த மேல் தலைமுறை அடிமை முறை இருந்த காலத்தில் பிறந்தவர்களாகவும் இருக்கலாம்.

ஆபிச்சுவரிக்கு ஊர் பேப்பரை மட்டும் நம்ப வேண்டாம். வெள்ளைக்காரர் நடத்திய பேப்பர்களில் கறுப்பினத்தவர் சாவு பல சமயம் வரவே வராது, வந்தாலும் தனிப் பத்தியில் ஒதுக்கிப் போடுவார்கள். கல்லறையும் அப்படித்தான், ஆகஸ்டாவில் மக்னோலியா வெள்ளையருக்கு, சீடர் குரோவ் கறுப்பினத்தவருக்கு. ஊருக்கு இரண்டு சுடுகாடு பார்த்து வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அவர்கள் தங்களுக்கென்று பேப்பர் நடத்தினார்கள். சிகாகோ டிஃபெண்டர் 1905-ல் ஆரம்பித்தது, தெற்கிலிருந்து வடக்கே வேலைக்குப் போனவர்கள் சொந்த ஊர்ச் செய்தியை அதில் படித்தார்கள்.

இதைவிட நல்லது ஒன்று சொல்கிறேன். கறுப்பினச் சர்ச்சுகளில் இறுதிச் சடங்கன்று ஒரு சின்னப் புத்தகம் அச்சடித்துக் கொடுப்பார்கள், படம், வாழ்க்கைக் குறிப்பு, பிறந்த ஊர், உடன்பிறந்தவர்கள், பெட்டி தூக்கியவர்கள் வரை எல்லாம் அதில் இருக்கும். பேப்பர் தராத இடத்தை அவர்களே எடுத்துக்கொண்டார்கள். ஆகஸ்டா–ரிச்மண்ட் கவுன்டி பொது நூலகம் சேர்த்து வைத்த அப்படிப்பட்ட புத்தகங்கள் ஜார்ஜியா டிஜிட்டல் நூலகத்தில் இருக்கின்றன. அதைவிட முக்கியம், பாட்டி வீட்டு பைபிளுக்குள்ளும் அலமாரிக்குள்ளும் இன்னும் பத்து இருக்கும். அந்த வீட்டுப் பெரிய அத்தை யாரோ அவரைக் கேட்கச் சொல்லுங்கள்.

1919-க்கு முன்னால் போக வேண்டுமென்றால் வேறு வழி. 1850, 60, 70, 80 ஆகிய நான்கு கணக்கெடுப்புகளிலும் அதற்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் இறந்தவர்களைத் தனித் தாளில் எழுதினார்கள். 1870-லும் 80-லும் விடுதலை பெற்றவர்கள் தங்கள் சொந்தப் பெயரோடு வருகிறார்கள். 1850, 60 தாள்களில் அடிமைகளின் சாவும் உண்டு, சில இடங்களில் வெறும் ஒற்றைப் பெயர், பெயர்கூட இல்லாமல் வயதும் நோயும் மட்டும் சில இடங்களில். படிக்கும்போது மருமகள் தனியாக இருக்க வேண்டாம். இன்னொன்று, விடுதலை பெற்றவர்களுக்காக 1865-ல் தொடங்கி 1874-ல் திவாலான ஃப்ரீட்மன்ஸ் பேங்க் என்ற சேமிப்பு வங்கிக்கு ஆகஸ்டாவில் கிளை இருந்தது. கணக்கு ஆரம்பிக்கும்போது அப்பா, அம்மா, அண்ணன் தம்பி பெயரெல்லாம் கேட்டு எழுதினார்கள், இறந்தவர் என்றால் இறந்தார் என்று, விற்கப்பட்டுப் பிரிந்தவர் என்றால் அதையும். பணம் போயிற்று, பேரேடு தப்பி நின்றது. ஃபேமிலி சர்ச்சில் பார்க்கலாம்.

கேள்வி: அக்கா, நான் யாழ்ப்பாணம், மானிப்பாய். எங்கட ஊர் ஆசுபத்திரியைத் தொடங்கி, தமிழிலேயே வைத்தியம் படிப்பித்த டொக்டர் கிறீன் அமெரிக்காவில் காலமானவர் என்று தெரியும். அவருடைய மரணப் பதிவையும் அந்தக் காலத்து மரண அறிவித்தலையும் எடுக்க ஏலுமா? எந்தக் கவுன்டிக்கு எழுத வேண்டும்? — வாசகர், மானிப்பாய்

பதில்: சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1822-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரில் பிறந்து, 1884-ல் அங்கேயே இறந்தார். (ஆங்கிலத்தில் எழுதினால் ‘வோர்செஸ்டர்’ மாதிரி இருக்கும், சொல்வது வூஸ்டர். போனில் கேட்கிறவர்கள் கவனம்.) நகரம், கவுன்டி இரண்டுக்கும் அதே பெயர், ஆனால் இவ்வளவு நேரம் கவுன்டி கவுன்டி என்று சொன்னதை உங்களுக்கு மட்டும் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது. நியூ இங்கிலாந்துப் பக்கம் பிறப்பு இறப்பை எழுதுவது கவுன்டி அல்ல, அந்தந்த ஊரின் கிளார்க். அங்கே கவுன்டிக்கு எழுதினால் பதில் வராது. ஒரு நல்ல விஷயம், மாசசூசெட்ஸ் 1841-லேயே மாநிலம் முழுக்கப் பதிவைத் தொடங்கிவிட்டது, அந்தப் பேரேடுகள் மாநில ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, படங்கள் ஃபேமிலி சர்ச்சிலும் உண்டு. 1884 இறப்புகள், வூஸ்டர் என்று போய்ப் பாருங்கள். சான்றிதழாக இருக்காது, பேரேட்டில் ஒரு நீளமான வரி, அதில் வயது, நோய், பெற்றோர் பெயர், தொழில்.

அறிவித்தலுக்கு வூஸ்டர் நாளிதழ்களோடு, அவரை அனுப்பிய அமெரிக்கன் போர்டு என்ற மிஷனின் மாத இதழான ‘மிஷனரி ஹெரால்டு’ 1884 இதழ்களையும் பாருங்கள். அந்த மிஷனின் காகிதங்கள் ஹார்வர்டின் ஹூட்டன் நூலகத்தில் இருக்கின்றன. குடும்பத்தார் வாழ்ந்த கிறீன் ஹில் இப்போது நகரத்தின் பெரிய பூங்கா.

ஆனால் நீங்கள் கேட்கிற மாதிரி மரண அறிவித்தல், இன்னாரின் அன்புக் கணவரும் இன்னாரின் பாசமிகு தந்தையும் என்று உறவெல்லாம் அடுக்கி எழுதுகிற உங்கள் ஊர் அறிவித்தல் இருக்கிறதே, அதற்கு ஈடான ஆபிச்சுவரியை நான் அமெரிக்காவில் அதிகம் பார்த்ததில்லை. அதே மிஷன் 1841-ல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய ‘உதயதாரகை’ தமிழிலும் ஆங்கிலத்திலும் வந்தது. அவரிடம் படித்த தமிழ் வைத்தியர்கள் 1884-ல் எத்தனையோ பேர் உயிரோடு இருந்திருப்பார்கள், யாராவது ஒருவர் ஆசிரியரைப் பற்றி அதில் எழுதாமலா இருந்திருப்பார்? அந்த வருடத்து ஜூன், ஜூலை இதழ்கள் உங்கள் பக்கம் எங்கேயாவது இருந்தால் எனக்குக் கொஞ்சம் பார்த்து எழுதுகிறீர்களா?